ஒரு நிமிடம் நாற்பது நொடி

ஆசிரியப் பயிற்சிக் காலத்திலிருந்தே எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். இடது ஓரத்தில் நேரம், நீல மையில் நடந்தது, சிவப்பு மையில் நான் செய்யத் தவறியது. கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்த இரண்டாம் வருடத்து நோட்டில் சிவப்பு மை மிகக் குறைவு. இப்போது அதைப் புரட்டும்போது எனக்குக் கூசுவது அதனால்தான். அந்த வருடம் முழுக்க எதையும் தவறவிடவில்லை என்று தினமும் நம்பிக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழ் வழிப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அந்த வருடம் வகுப்பில் முப்பத்து நான்கு பேர். நோட்டில் பிள்ளைகளின் பெயரை எழுதுவதில்லை, வருகைப் பதிவேட்டு எண்தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

என் வகுப்பு கைபேசி வழியாக, காலை ஆறே முக்காலிலிருந்து ஏழரை வரை. வேறு நேரத்தில் வைக்க முடியாது. பிள்ளைகளிடம் இருக்கும் கைபேசி அப்பாவுடையது. அவர் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு ஆறரைக்கு வீட்டுக்கு வருவார், எட்டு மணிக்குத் தோட்டத்துக்கோ சந்தைக்கோ போவார். இடைப்பட்ட ஒன்றரை மணி நேரம் கைபேசி பிள்ளைக்கு. எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதே கதை என்பதால் ஒரு நாள் உட்கார்ந்து பட்டியல் போட்டு இந்த நேரத்தைக் கண்டுபிடித்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

திரையில் முப்பத்து நான்கு கறுப்புக் கட்டங்கள். முகம் காட்டச் சொன்னால் "ரேஞ்சு இல்லீங்க டீச்சர்" என்பார்கள். வருகைக்கு ஆளுக்கொரு ஆங்கில எழுத்து, 'P', தட்டிவிடுவார்கள். கேள்வி கேட்டால் அத்தனை பேரும் சேர்ந்து பேசாமல் இருப்பார்கள். முதலில் புரியவில்லை போல என்று அதே பாடத்தை மறுபடி சொன்னேன். மறுபடியும் மௌனம். மூன்றாம் தடவை சொல்லும்போது ஏழரை ஆகிவிடும். அது அவர்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒருவர் பதில் சொன்னால் டீச்சர் அடுத்த கணக்குக்குப் போய்விடுவாள், யாரும் சொல்லாவிட்டால் ஒரே கணக்கோடு முடியும்.

அதை மீறிப் பேச யாருக்கும் துணிவு கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்து தப்பாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான், மணி அடித்ததும் மறந்துபோகும். இங்கே காபித் தம்ளரோடு அப்பா கேட்டுக்கொண்டிருப்பார், முப்பத்து மூன்று வீட்டு அப்பாக்களும் கேட்பார்கள். சரியாகச் சொன்னால் அதைவிட மோசம். 'சீன் போடறவ' என்று பெயர் வந்துவிடும்.

பதினேழாம் எண் என்னிடம் எட்டாம் வகுப்பிலும் படித்தவள். ஜன்னலோரம் உட்காருவாள். அந்த வருடம் முழுக்க அவள் தானாக வாய் திறந்ததாக என் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. வகுப்பு கைபேசிக்குள் வந்த பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். குழுவில் அல்ல, எனக்குத் தனியாக. "டீச்சர், ஒரு சம்சயமுங்க." மலையாளம் கலந்த எங்கள் பக்கத்தில் சந்தேகத்துக்கு அதுதான் வார்த்தை. வகுப்பு முடிந்ததும், அப்பா கிளம்புவதற்கு முன், மாடு கட்டியிருக்கும் கட்டுத்தறியில் நின்றுகொண்டு அனுப்புவாள். யாரும் தன்னைப் பார்க்காத இடத்தில் அந்தப் பெண்ணுக்குக் கூச்சம் போய்விட்டது. ஜூலையில் இருபத்து மூன்று சம்சயங்கள். எண்ணி எழுதியிருக்கிறேன்.

ஒரு தடவை, என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டேன். "சர்வேயர் ஆகோணுமுங்க" என்றாள். அவர்கள் தோட்டம் ஒரு பக்கம் கூம்பிப் போனது. பாகப் பிரிவினையில் வந்த கோணல். அதை அளக்க வந்த சர்வேயர், எந்தப் பக்கமும் நேராக இல்லாத நிலத்தை முக்கோணம் முக்கோணமாக வெட்டிக் கணக்குப் போட்டதை வேலியோரம் நின்று பார்த்திருக்கிறாள். அப்படியென்றால் ப்ளஸ் ஒன்னில் கணக்குள்ள சயின்ஸ் பிரிவு எடுக்க வேண்டும் என்றேன். "எடுத்துருவனுங்க டீச்சர்" என்றாள். எடுக்கக்கூடியவள்தான்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை கூட்டுத்தொடர் நடத்தினேன். முதல் வரிசையில் ஐந்து, அடுத்ததில் எட்டு, அதற்கடுத்ததில் பதினொன்று, இப்படி இருபது வரிசை. மொத்தம் எத்தனை? வழக்கமான மௌனம். 7.50-க்கு அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. ஒரு நிமிடம் நாற்பது நொடி. அதை எழுத்தாக இங்கே தருகிறேன், எனக்கு மனப்பாடம்.

"டீச்சர், நீங்க போட்ட கணக்கு எங்க தோட்டமாட்டவே இருக்குதுங்க. தக்காளி நட்டா, கூம்புன பக்கம் மொத வரிசையில அஞ்சு செடிதானுங்க வரும். அடுத்ததுல எட்டு. இருவதாவது வரிசையில அறுவத்திரண்டு. களை எடுக்கறப்ப எங்கப்பா சின்ன வரிசையிலிருந்து வருவாருங்க. எங்கம்மா பெரிய வரிசையிலிருந்து வருமுங்க. அப்பாவுக்கு ஒவ்வொருக்காவும் மூணு கூடும், அம்மாவுக்கு மூணு கொறையும். அப்ப எப்பப் பாத்தாலும் ரெண்டு பேருதையும் சேத்தா அறுவத்தேழு தானுங்களே..."

இந்த இடத்தில் பின்னால் ஒரு மாடு நீளமாகக் கத்துகிறது. அவள் திரும்பி அதனிடம் சொல்கிறாள்: "சும்மா இரு, கணக்கு சொல்லீட்டிருக்கறேன்." பிறகு என்னிடம்: "பத்துத் தடவையில ரெண்டு பேரும் நடுவுல வந்து சேந்துக்குவாங்க. பத்து அறுவத்தேழு, அறுநூத்தி எழுவது. தப்பா இருந்தா எனக்கு மட்டும் சொல்லுங்க டீச்சர்."

மூன்று முறை கேட்டேன். மாட்டிடம் பேசிய இடத்தில் மூன்று முறையும் சிரித்தேன். நோட்டில் இருக்கிறது: '7.55. சிரித்தேன்.' 8.05-க்கு அந்தப் பதிவை வகுப்புக் குழுவுக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: 'எல்லாரும் கவனமாகக் கேளுங்கள். சூத்திரம் மனப்பாடம் செய்யாமல் யோசித்திருக்கிறாள். கைதட்டுங்கள்.'

அவளைக் கேட்கவில்லை. தப்பாக இருந்தால் எனக்கு மட்டும் என்றுதானே சொன்னாள், தப்பாக இல்லையே என்று நினைத்தேன். கணக்கு டீச்சருக்கு அந்த நியாயம் போதுமானதாக இருந்தது. இதைவிட அசிங்கமான காரணம் ஒன்றும் உண்டு. பேசாமல் உட்கார்ந்திருந்த முப்பத்து மூன்று பேருக்கும் உறைக்கட்டும் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளையின் குரலை அவர்களை அடிப்பதற்குக் கம்பாக எடுத்தேன்.

பதினொரு கைதட்டல் படங்கள் வந்தன. எண்ணினேன். அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வெட்கப்படுகிறாள் என்று எழுதி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒரு கேள்வி கேட்டு, "பதினேழு, நீ சொல்லு கண்ணு" என்றேன். அவள் ஒலியைத் திறந்து "டீச்சர்..." என்றதும் ஒரு மாடு கத்தியது. இன்னொன்று கத்தியது. பிறகு நாலைந்து.

"யாரது?"

"எங்கூட்டு மாடுங்க டீச்சர்" என்றான் இருபத்து இரண்டாம் எண். "கட்டுத்தறிக்குப் பக்கத்துலதானுங்க ரேஞ்சு கெடைக்குது."

"ஒன்பது? உன் வீட்டிலும் மாடா?"

"எருமைங்க டீச்சர்."

"எருமை இப்படியா கத்தும்?"

"தக்காளி தின்னுருச்சுங்க டீச்சர்" என்றது வேறொரு குரல். "அறுவத்தேழு செடி."

அடக்க முடியாமல் யாரோ சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள். நான் கண்டித்தேன். ஆனால் யாரைக் கண்டிப்பது? முப்பத்து நான்கு வீட்டில் முப்பது வீட்டிலாவது நிஜமாகவே மாடு நிற்கிறது. கறுப்புக் கட்டங்களுக்குள் எது மாடு, எது பையன் என்று எனக்கு எப்படித் தெரியும்? நோட்டில் 'பின்னணிச் சத்தம், ஐந்து முறை' என்று எழுதி அடுத்த கணக்குக்குப் போனேன். அவள் ஒலியை மூடிவிட்டிருந்தாள். அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

அடுத்த வாரம் குழுவில் கண்டிப்பான செய்தி ஒன்று போட்டேன். சக மாணவியைக் கேலி செய்வது எவ்வளவு கீழ்த்தரமானது என்று பத்து வரி. நான் எதைப் போட்டாலும் வருகை கேட்பதாக நினைக்கும் பழக்கம் அவர்களுக்கு. அதன் கீழே ஒருவர் பின் ஒருவராக 'P', 'P' என்று தட்டிக்கொண்டு போனார்கள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் அவளிடமிருந்து ஆறு சம்சயங்கள் வந்தன, அதன்பின் அவள் வகுப்புக்கே வரவில்லை. அக்டோபரில் ஒன்றுமில்லை. பதினெட்டாம் எண் அவளுடைய தோழி, பக்கத்துத் தோட்டம். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவ ஓவரா பண்ணீட்டாங்க டீச்சர்."

"என்ன ஓவரா? உனக்கும் அந்தக் கணக்கு வரும்தானே?"

"வருமுங்க. நாங்க எல்லாரும் பேசக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தமுங்க. அவளும் சரின்னா. அப்பறம் எங்களுக்குத் தெரியாம உங்களுக்குத் தனியா அனுப்பீட்டிருந்திருக்கறா. எங்களையெல்லாம் முட்டாளாக்கீட்டு அவ மட்டும் நல்ல பேரு வாங்கறதுங்களா?"

"அவள் நல்ல பெயர் வாங்க அனுப்பவில்லை. நான்தான் போட்டேன்."

"அது எங்களுக்கு எப்படீங்க டீச்சர் தெரியும்?" என்றாள். நியாயமான கேள்வி. இந்தத் தோழியையே குழுவில் அதைச் சொல்லச் சொல்லியிருக்கலாம், அல்லது நானே சொல்லியிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. நான் பதினேழாம் எண்ணுக்குத் தனியாக 'மனம் தளராதே, தொடர்ந்து கேள்' என்று செய்தி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. படித்தது அவளா, அவள் அப்பாவா என்று தெரியாது. கைபேசி அவருடையது.

பயிற்சித்தாள் கொடுப்பதற்காகப் பெற்றோரைப் பள்ளிக்கு வரச்சொன்ன ஒரு நாள் அவள் அப்பா வந்தார். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டையைப் பள்ளிக்கூடத்துக்கு என்று எடுத்துப் போட்டிருந்தார். தாள்களை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"ஏனுங்க டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா? தப்பா நெனைக்கக்கூடாது."

"கேளுங்க."

"புள்ள பேசுனத நீங்க எதுக்குங்க எல்லாத்துக்கும் போட்டீங்க?"

நன்றாகச் சொன்னாள், அதனால் போட்டேன், மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று போட்டேன் என்றெல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார்.

"நீங்க நல்லதுக்குத்தான் போட்டீங்க, எனக்குத் தெரியுமுங்க. ஆனா சொசைட்டியில பால் கேனைத் தூக்கீட்டு வரிசையில நின்னவன் நானுங்க. முன்னால நிக்கறவன் ஃபோன்ல எம்புள்ள பேசுது. அப்பன் அந்தக் கோடி, அம்மா இந்தக் கோடீன்னு. ஒருத்தன் கேக்கறான், 'ஏம் மாப்ள, ஊட்டுக்காரியும் நீயும் ஆளுக்கொரு கோடியா? நடுவுல வந்து சேர பத்துத் தடவை ஆகுமா?'ன்னு. எல்லாரும் சிரிக்கறாங்க. நானுஞ் சிரிச்சனுங்க. என்ன பண்றது? இப்ப எம் பேரே அறுவத்தேழுங்க. கேன் எடுத்து ஊத்தறவன்கூட 'அறுவத்தேழு வா'ங்கறான்."

கையில் மீதியிருந்த பயிற்சித்தாள்களை அடுக்கினேன்.

"அதுகிட்ட நான் எதுவும் சொல்லலீங்க. அடிக்கலீங்க, வையலீங்க. அதுவா ஃபோனைத் தொட மாட்டீங்குது. நான் எடுத்துக் குடுத்தாலும் வேண்டாங்குது."

பள்ளி வளாகத்தில் அன்று பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். என் மரியாதையைக் காப்பாற்றினார். அவருடைய மகளுக்கு நான் அதைச் செய்யவில்லை.

அக்டோபர் கடைசியில் தலைமை ஆசிரியர் என் பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் பாராட்டினார். "உங்க கிளாஸ்ல ஹாஜர் பிரமாதமா இருக்கு டீச்சர். அந்த ஒரு பிள்ளைதான் தொடர்ந்து வரலை. கொஞ்சம் கவனிங்க." முப்பத்து மூன்று பேர் தினமும் 'P' தட்டிவிட்டு வேறு வேலை பார்த்தார்கள். இருபத்து இரண்டாம் எண் 'P' போட்ட அதே நிமிடம் துப்பாக்கி விளையாட்டில் இருந்தான் என்று அவன் அம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறாள். கற்றுக்கொண்டிருந்த ஒருத்திக்கு நேரே நான் நாற்பத்தொரு நாள் சிவப்பு மையில், வரவில்லை என்று 'A' போட்டேன். பதிவேட்டைப் பொறுத்தவரை அது பிழையில்லாத பதிவேடு.

நவம்பரில் பள்ளி திறந்தது. பாதிப் பாதிப் பேராக வந்தார்கள். அவள் பழைய ஜன்னலோரத்துக்கே போய் உட்கார்ந்தாள். முகக்கவசம் இருந்ததால் பேசாமல் இருப்பது இன்னும் சுலபமாகிவிட்டது. நான் அவளிடம் கேள்வி கேட்பதைத் தவிர்த்தேன். அவளுக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டேன். மாடு கத்திவிடுமோ என்ற பயம் எனக்குத்தான்.

பிப்ரவரி மாதிரித் தேர்வில் கூட்டுத்தொடரில் ஒரு கணக்கு கேட்டிருந்தேன். விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தவள் ஏழாவது தாளில் நிமிர்ந்தேன். அதை எழுதிய பையன் சூத்திரம் எழுதாமல் முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் கூட்டி, இரண்டாவதையும் கடைசிக்கு முந்தியதையும் கூட்டி, இரு முனையிலிருந்தும் நடுவுக்கு வந்திருந்தான். அடுத்த தாளும் அப்படி. மொத்தம் இருபத்தொரு பேர் அந்த வழியில் போட்டிருந்தார்கள். நான் அந்த வழியை வகுப்பில் நடத்தவே இல்லை. கேலிக்காக அவளுடைய குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கு அது பதிந்துபோயிருந்தது. வருடம் முழுக்க நான் சொன்ன எதுவும் அவ்வளவு பேர் மண்டையில் ஏறியதில்லை.

பதினேழாம் எண்ணின் தாளைத் தேடி எடுத்தேன். பாடப்புத்தகத்தில் இருக்கும் சூத்திரம், அதில் எண்களைப் பொருத்தி இரண்டு வரியில் விடை. சரியான விடை. ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. முழு மதிப்பெண் போட்டேன்.

பொதுத் தேர்வில் எல்லாரும் தேறினார்கள். கணக்கில் அவளுக்கு 'A' கிரேடு வந்தது. ப்ளஸ் ஒன் விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பிக் கொடுப்பதற்குப் பள்ளியில் உதவி மேசை போட்டார்கள். தட்டச்சு வேகமாக வரும் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. மூன்றாம் நாள் 11.20-க்கு அவளும் அப்பாவும் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் ஏற்றினேன். விருப்பப் பட்டியல் வந்தது.

"முதல் விருப்பம் கணக்கு சயின்ஸ்தானே?" என்று கேட்டபடியே விரலை வைத்துவிட்டேன்.

"இல்லீங்க டீச்சர். ஹ்யூமானிட்டீஸ் போடுங்க."

"கண்ணு, உன் மார்க்குக்கு நிச்சயம் கிடைக்கும். சர்வேயர் என்றாயே?"

"வேண்டாங்க."

அப்பாவைப் பார்த்தேன். "அதோட இஷ்டமுங்க" என்று கதவைப் பார்த்தார்.

முதல் விருப்பத்தில் அவள் சொன்ன, கணக்கே இல்லாத அந்தக் கலைப் பிரிவையே பதிந்தேன். கணக்கு உள்ள பிரிவு இரண்டாவதிலும் மூன்றாவதிலும்கூட வேண்டாம் என்றாள். சரிபார்க்கச் சொல்லித் திரையைத் திருப்பினேன். அவள் விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். அவளும் என்னைப் போல ஒழுங்கானவள்.

அப்போது வராந்தாவில் காத்திருந்த வரிசையில் யாருடைய கைபேசியோ ஒலித்தது. நீளமாக ஒரு மாடு கத்தியது. தொடர்ந்து, "சும்மா இரு, கணக்கு சொல்லீட்டிருக்கறேன்." யாரோ உடனே எடுத்துவிட்டார்கள். அழைப்பு மணியாக வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். காதால் கேட்டது அன்றுதான். அப்பா காலடியைப் பார்த்தார். அவள் படித்துக்கொண்டிருந்த வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை. "எல்லாம் சரியா இருக்குதுங்க" என்றாள்.

ஒரு வருடமாகச் சொல்லாததை அவசர அவசரமாகச் சொன்னேன். "நான் உன்னைக் கேட்காமல் போட்டது தப்பு. என் கைபேசியில் அது இன்னும் இருக்கிறது. இப்போதே அழித்துவிடுகிறேன்."

அவள் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. சம்சயம் கேட்கும்போது இருந்திருக்கக்கூடிய அதே முகம். நான் அதுவரை பார்த்திராதது.

"உங்க ஃபோன்ல மட்டும் அழிச்சாப் போதுமுங்களா டீச்சர்?"

எழுந்து, "போய்ட்டு வர்றனுங்க" என்று சொல்லி அப்பாவின் பின்னால் போனாள். நான் அழிக்கவில்லை.

அடுத்து உட்கார்ந்தவன் இருபத்து இரண்டாம் எண். கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே உட்கார்ந்தான். ஒலித்தது அவனுடையதா என்று நான் கேட்கவில்லை. கணக்கில் 'A+'. மரியாதையான பையன்தான், எழுந்து நின்று மதிப்பெண் தாளை நீட்டினான்.

"பரீட்சையில அந்த வரிசைக் கணக்கு வந்துச்சுங்க டீச்சர்" என்றான் உற்சாகமாக. "அப்பா அம்மா மெத்தட்ல போட்டனுங்க. சட்டுனு வந்துருச்சு."

"அது யாருடைய மெத்தட் என்று தெரியுமா?"

"தெரியுமுங்க" என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். ஏன் நிறுத்தினோம் என்று அவனுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"முதல் விருப்பம்?"

"கணக்கு சயின்ஸுங்க டீச்சர்."

பதிந்தேன். 11.46. வரிசையில் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள்.